பையனை வேலைக்கு விட்டால் திருந்துவானா?

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு தாய்மாமன் கேட்டிருக்கிறார். அக்கா மகனுக்கு 15 வயது. அப்பா லாரி டிரைவர், மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்தால் பெரிது. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். பையன் பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டான். உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீடு, கடைசியில் கூட்டாளிகளோடு யாருடைய பைக்கையோ தள்ளிக்கொண்டு போய் மாட்டிக்கொண்டான். ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது வீட்டில் இரண்டு யோசனை. ஒன்று, மலையடிவாரத்தில் ஒரு இடம். இந்த மாதிரிப் பையன்களைத் தோட்ட வேலை வாங்கித் திருத்துகிறோம் என்கிறார்களாம், அதற்கு மாதாமாதம் பணமும் கட்ட வேண்டுமாம். இன்னொன்று, மாமனுடைய தறி குடோனிலேயே போட்டுவிடுவது. "வேலை செஞ்சா அடங்குவானுங்களா, இல்ல இன்னும் கெட்டுப் போவானுங்களா?" என்று கேட்கிறார்.

ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் 20 வருடங்களுக்கு மேலாக இப்படிப்பட்ட பையன்களோடும் அவர்கள் வீட்டாரோடும் இருந்திருக்கிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையடிவாரத்துக்கு அனுப்பாதீர்கள். உங்கள் தறி குடோனும் இப்போது வேண்டாம். ஆனால் வேலை அவனுக்கு நல்லது செய்யும் என்றே நினைக்கிறேன். என்ன வேலை, பக்கத்தில் நிற்கிற ஆள் யார், காசு யார் கைக்குப் போகிறது, பிடிக்கவில்லை என்றால் அவன் வெளியே வர முடியுமா, இந்த நாலையும் பார்த்துச் செய்ய வேண்டும்.

நம் பக்கத்தில் உழைப்பின் மேல் இருக்கிற நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. பாறையைத் தோண்டிக் கிணறு வெட்டி வெள்ளாமை செய்த ஊர் இது. பையன் சரியில்லையா, "நாலு காசு சம்பாரிச்சா தானா அடங்குவான்" என்பார்கள். எதிர்த்துப் பேசினால் "ஜி.டி. நாயுடு பள்ளிக்கொடத்த முடிச்சாருங்களா?" என்று கேட்பார்கள். முடிக்கவில்லைதான். ஆனால் பார்த்த மோட்டார் சைக்கிள் மேல் ஆசைப்பட்டு, அதை வாங்கக் காசு சேர்க்க வேண்டும் என்று தானாகவே கோயமுத்தூரில் ஹோட்டல் வேலைக்குப் போனவர் அவர். யாரும் தண்டனையாகக் கொண்டுபோய் விடவில்லை. அந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு அவர் பேரை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கூடவே ஒரு பழமொழி வந்துவிடும், அடியாத மாடு படியாது என்று. மாட்டைப் பழக்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். காங்கேயம் பக்கம் ஒரு பெரியவர் எனக்குச் சொன்னது: புதுக் காளையை ஏருக்கோ வண்டிக்கோ பழக்கும்போது பழகிய மாட்டோடுதான் ஜோடி சேர்த்துப் பூட்டுவார்கள். அது திரும்பினால் இதுவும் திரும்பும், அது நின்றால் இதுவும் நிற்கும். இரண்டு புதுக் காளைகளை ஒரே நுகத்தில் பூட்டுகிறவன் வண்டியையும் உடைப்பான், மாட்டின் காலையும் ஒடிப்பான். அடியைப் பற்றி அவர் பேசவே இல்லை.

பையன்களைத் திருத்துகிறோம் என்று கிளம்பும் இடங்கள் பெரும்பாலும் செய்வது இந்த இரண்டாவது காரியம். இருபது முப்பது புதுக் காளைகளை ஒரே நுகத்தில் பூட்டுகிறார்கள்.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. 1939-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தை ஒட்டிய கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற இரண்டு ஊர்களில் 506 பையன்களை எடுத்துக்கொண்டார்கள். வயது, குடும்பம், குணம் எல்லாம் ஏறத்தாழ ஒத்துப்போகிற இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, நாணயத்தைச் சுண்டி, ஒருவனுக்கு உதவி, மற்றவனை அப்படியே விட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். உதவி என்றால் வீடு தேடி வருகிற ஆலோசகர், படிப்புக்கு ஆள், வைத்தியம், கோடைக்கால முகாம். சராசரியாக ஐந்து வருடம் நடந்தது, 1945-இல் முடிந்தது. முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தப் பையன்கள், அதாவது அப்போது நடுத்தர வயது ஆண்கள், ஏறக்குறைய எல்லோரையும் தேடிப் பிடித்தார். 1978-இல் வந்த முடிவு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. உதவி பெற்றவர்களில்தான் திரும்பத் திரும்பக் குற்றம் செய்தவர்கள் அதிகம், குடிக்கு அடிமையானவர்கள் அதிகம், சீக்கிரம் இறந்தவர்களும் அதிகம். ஆனால் அவர்களைக் கேட்டபோது மூன்றில் இரண்டு பங்குப் பேர் அந்தத் திட்டம் தங்களுக்கு நல்லது செய்தது என்றே சொன்னார்கள்.

அது வேலைத் திட்டம் இல்லைதான். ஆனாலும் நான் இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் அதே தரவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, கெடுதல் பெரும்பாலும் கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் அனுப்பப்பட்ட பையன்களிடம் குவிந்திருந்தது தெரிந்தது. ஒரே மாதிரிப் பிரச்சினை உள்ள பையன்களை ஒரே இடத்தில் நாள் முழுக்க வைத்தால், ஒருவன் சொல்கிற திருட்டுக் கதைக்கு இன்னொருவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புதான் அங்கே பாடம். பெரியவர் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் புத்தி சொல்வது அந்தச் சிரிப்பின் முன்னால் நிற்காது. இன்னொன்றும் இருக்கிறது. "எங்களிடம் வந்து போன பையன்கள் எல்லாம் நன்றியோடு பேசுகிறார்கள்" என்று அந்த இடத்துக்காரர்கள் வீடியோ காட்டினால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். கேம்பிரிட்ஜ் பையன்களும் நன்றியோடுதான் பேசினார்கள்.

ராணுவ முகாம் பாணியில் ஓட விட்டு, தண்டால் எடுக்க வைத்து, மண் சுமக்க வைத்துத் திருத்துவதும் அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெரிதாகப் பரவியது. சேர்த்துப் பார்த்தபோது, அங்கே போன பையன்கள் மறுபடி மாட்டிக்கொள்வது குறையவில்லை. ஃபுளோரிடாவில் 1900-இல் திறந்து 2011 வரை நடந்த ஒரு சீர்திருத்தப் பள்ளி பையன்களிடம் பண்ணை வேலையும் அச்சு வேலையும் வாங்கியது. மூடிய பிறகு வளாகத்தைத் தோண்டியபோது 55 புதைகுழிகள் கிடைத்தன. பூட்டிய கதவுக்குப் பின்னால் குழந்தைகளிடம் வேலை வாங்குகிற எந்த இடமும் அந்தத் திசையில் சரியக்கூடியதுதான்.

நம் ஊர் அனுபவத்துக்கு வருகிறேன். பேர் வேண்டாம். நீங்கள் சொல்வது போன்ற ஓர் இடத்திலிருந்து திரும்பி வந்த பையனோடு ஆறேழு மாதம் பழகியிருக்கிறேன். வீட்டில் கடன் வாங்கிப் பணம் கட்டியிருந்தார்கள். முதல் மூன்று மாதம் பெற்றவர்கள் பார்க்கக்கூடாது, போன் கிடையாது. "வேல கஷ்டமில்லீங்க. எங்கூட்டுலயே நான் கரும்பு வெட்டியிருக்கேன். இந்த வரப்புல இருக்கற கல்ல அந்த வரப்புல அடுக்கச் சொல்லுவாங்க. அடுத்த வாரம் அங்கிருந்து இங்க. அதான் தாங்க முடியல" என்றான். உள்ளே போகும்போது அவனுக்குப் பைக்கில் சும்மா சுற்றத்தான் தெரியும். சாவி இல்லாமல் ஸ்டார்ட் செய்வது எப்படி என்று அங்கே வந்திருந்த ஒரு சேலத்துப் பையன்தான் கற்றுக்கொடுத்தானாம். வெளியே வந்த பிறகு யாராவது விசில் அடித்தால் உடம்பு தூக்கிப்போடும். அம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். "பணம் கட்டி என்ன அங்க வித்துட்டுப் போனாங்க" என்பதுதான் அவன் மனதில் தங்கியது. அந்த வார்த்தையை அவன் அம்மா முன்னாலேயே சொன்னபோது நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

சரி, நல்லது நடந்ததையும் சொல்கிறேன்.

கோபிச்செட்டிபாளையம் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்று. விவசாயிகள் எரிந்துபோன போர்வெல் மோட்டார்களைக் கொண்டுவந்து போடுகிற சின்னக் கடை. கடைக்காரருக்கு அறுபது வயசு இருக்கும், கூட ஒரே ஒரு ஆள். அங்கே 16 வயசுப் பையன் ஒருவனைச் சேர்த்துவிட்டோம். ஒன்பதாம் வகுப்பில் வாத்தியாரைத் தள்ளிவிட்டு வந்தவன். காலையில் நாலு மணி நேரம் கடை, அதற்கு மேல் இல்லை. முதல் மாதம் எரிந்த கம்பியை ஸ்டேட்டரிலிருந்து பிரித்து எடுப்பது மட்டும்தான் வேலை. அப்புறம் காயில் சுற்றக் கொடுத்தார். ஒரு காயிலுக்கு இத்தனை சுற்று என்று கணக்கு உண்டு. ஒன்றிரண்டு விட்டாலும் மோட்டார் சூடேறி மறுபடி எரியும். வகுப்பில் பத்து நிமிடம் உட்காராத பையன், உதடு அசைய எண்ணிக்கொண்டே சுற்றுவதைப் பார்த்தேன். நான் பேச்சுக் கொடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினான். சுற்று முடிந்த பிறகுதான், "எண்ணிக்கை போயிருமுங்க, அதான்" என்றான்.

மஞ்சளுக்குத் தண்ணீர் விட முடியாமல் ஒரு விவசாயி கடை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். மோட்டாரை டெஸ்ட் போட்டு அது சத்தம் மாறாமல் ஓடியதும் "யாரு கட்டுனது, தம்பியா?" என்று கேட்பார். கல்லை வரப்பு மாற்றி வைத்த பையனுக்கு யாரும் காத்திருக்கவில்லை. இவனுக்கு ஒரு தோட்டமே காத்திருந்தது.

நாலாவது மாதம் அவன் காணாமல் போனான். மூன்று நாள் கடைக்கு வரவில்லை. பழைய கூட்டாளிகளோடு பவானி ஆற்றுப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தான். இப்படி எல்லாப் பையன்களும் ஒருமுறை போவார்கள், அதை எதிர்பார்த்துத்தான் இறங்க வேண்டும். கடைக்காரர் டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார். திட்டவில்லை. "ஏஞ்சாமி, மூணு நாளாக் காணோம்? நீ கட்டுன மோட்டாரு பாதியில கெடக்குது. அதுல நான் கை வெக்கல, நீயே வந்து முடி" என்றார். மறுநாள் வந்துவிட்டான். இந்த ஒரு காரியத்தைத்தான் எந்தத் திட்டத்தாலும் விதி போட்டுச் செய்ய வைக்க முடியாது. தேடிக்கொண்டு வீட்டுக்கு வருகிற ஆள் வேண்டும். பழகிய மாடு என்று நான் சொன்னது அவரைத்தான்.

சிகாகோவில் நடந்த ஒரு சோதனையும் இதையே காட்டுகிறது. 2012 கோடையில், வன்முறை அதிகமுள்ள 13 பள்ளிகளைச் சேர்ந்த 1,634 மாணவர்களில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 8 வாரம் வேலை கொடுத்தார்கள். வாரம் 25 மணி நேரம், சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி. கூடவே வழிகாட்டியாக ஒரு பெரியவர். சாரா ஹெல்லர் என்பவர் 2014-இல் வெளியிட்ட கணக்குப்படி, அடுத்த 16 மாதங்களில் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவது 43 சதவீதம் குறைந்தது. குறைந்ததில் பெரும்பகுதி வேலை முடிந்த பிறகுதான். ஆகவே, வேலையில் கட்டிப் போட்டதால் தெருவுக்குப் போக நேரமில்லை என்பது காரணமாக இருக்க முடியாது. உள்ளே ஏதோ மாறியிருக்கிறது. திருட்டு மாதிரியான குற்றங்கள் குறையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த மாணவர்கள் பள்ளியிலும் தொடர்ந்தார்கள், ராத்திரி வீட்டுக்கும் போனார்கள், காசு அவர்கள் கைக்கே வந்தது.

இதற்கு மாறான பழைய முடிவு ஒன்றும் உண்டு. 1970-களில் அமெரிக்காவில் சிறையிலிருந்து வந்தவர்கள், போதைப் பழக்கம் உள்ளவர்கள், படிப்பை விட்ட இளைஞர்கள் என்று பலருக்கு வேலை கொடுத்துப் பார்த்தார்கள். கிறிஸ்டஃபர் உகன் அதைத் திரும்ப அலசி 2000-இல் எழுதினார்: 27 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு வேலை குற்றத்தைக் குறைத்தது, அதற்குக் கீழே பெரிய வித்தியாசம் இல்லை. ஏன் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. முப்பது வயசு ஆளுக்குக் குடும்பம் இருக்கும், வேலை அந்த வாழ்க்கையில் போய் உட்காரும். பதினைந்து வயசுப் பையனுக்கு உட்கார இடமே இன்னும் இல்லை. அவனுக்கு வெறும் வேலையைக் கொடுத்தால் கையில் காசுதான் வரும், அந்தக் காசு நேராகப் புகையிலைக்கும் பெட்ரோலுக்கும் போகும். ஆள் முதலில், வேலை அடுத்து.

இனி உங்கள் தறி குடோன். நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் கத்தினாலும் கேட்காது. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் யாரோடும் ஒரு வார்த்தை இல்லை. இந்தப் பையனுக்குத் தேவைப்படுகிற ஒன்று அந்த இடத்தில் கிடைக்கவே கிடைக்காது. ராத்திரி ஷிப்ட் வேறு. சட்டமும் இடிக்கும். 1986-ஆம் வருடத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கவே கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் கூடாது. கோயமுத்தூர் ஃபவுண்டரி வேலையெல்லாம் அந்த வகை. ஆபத்தில்லாத வேலையிலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேர ஓய்வு, ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்குள், ராத்திரி 7 முதல் காலை 8 வரை வேலை இல்லை, ஓவர்டைம் இல்லை, வாரம் ஒருநாள் லீவு. திருப்பூரின் ஒன்றரை ஷிப்ட் கணக்குக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

இதைவிட என்னைப் பயமுறுத்துவது முன்பணம். உங்கள் அக்காவுக்கு அவசரம் என்று நீங்கள் இருபதாயிரம் கொடுத்து, "பையன் வேலையில கழிச்சுக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றோடு அவன் மருமகன் இல்லை, கடன். விசைத்தறி ஊர்களில் இந்த முன்பணத்தில் சிக்கி வருடக்கணக்கில் வெளியே வர முடியாத குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 1976-இலேயே கொத்தடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 2015-ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டமும், வேலைக்காகக் குழந்தையைப் பிணையாக வைத்தாலோ அவன் சம்பளத்தைப் பிடித்து வைத்தாலோ 5 வருடம் வரை சிறை, 1 லட்சம் அபராதம் என்கிறது. சுமங்கலித் திட்டம் என்ற பேரில் மில்களில் நம் பெண் பிள்ளைகளை மூன்று வருடம் விடுதியில் வைத்து, கடைசியில் மொத்தமாகப் பணம் என்று சொன்னார்களே, அதில் நடந்ததும் இதுதான். காசு கடைசியில் என்றால் பாதியில் வெளியே வர முடியாது. வெளியே வர முடியாத இடத்தில் என்ன நடந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. காசுள்ள வீட்டுப் பையன் இதே தப்பைச் செய்தால் ஊட்டியில் விடுதிப் பள்ளி, நல்ல டாக்டர், அப்புறம் ஏதாவது ஒரு காலேஜ். கூலிக்காரர் வீட்டுப் பையன், அதிலும் காலனிப் பையன் என்றால், உடனே தறி, கோழிப்பண்ணை, போர்வெல் வண்டி. வேலை மருந்து என்றால் இரண்டு பேருக்கும் அதே மருந்தைக் கொடுக்க வேண்டும் இல்லையா?

உங்கள் மருமகனுக்கு வருகிறேன். வேலை தேடுவதற்கு முன்னால், அவன் ஏன் பள்ளியை விட்டான் என்று தெரிந்துகொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஒன்பதாம் வகுப்பு வரை வந்துவிட்டான், ஆனால் பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படிக்கத் தெரியாது. வண்டியின் கலரைப் பார்த்து ஏறுவான். வாசிக்கச் சொல்லி எழுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் வகுப்பில் ரகளை. அவனுக்குத் தேவைப்பட்டது கற்றல் குறைபாட்டைக் கண்டுபிடிக்கிற ஆள். எந்தப் பட்டறையும் அதைக் கண்டுபிடித்திருக்காது. புகையிலைப் பழக்கத்துக்கும் தனியாக வழி பார்க்க வேண்டும். அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார், வெட்கப்படாமல் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் யாராவது அவனை அடிக்கிறார்களா என்பதையும் பாருங்கள். அடி விழுகிற வீட்டுக்குத் திரும்புகிற பையனை எந்த வேலையும் காப்பாற்றாது.

வேலை என்று வரும்போது, பெரியவர் ஒருவர் இரண்டு மூன்று பேரோடு நடத்துகிற சின்ன இடமாகப் பாருங்கள். காயில் கடை, தச்சுப் பட்டறை, நர்சரி, சைக்கிள் கடை, எதுவும் ஆகலாம். அவனைப் போல இன்னொரு பையன் அங்கே இருக்கக்கூடாது. வேலை அவனுக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும், வேண்டாம் என்றால் வேறு இடம். காசு வாராவாரம் சனிக்கிழமை அவன் கையில். அம்மா போய் வாங்கக்கூடாது. பத்து வயதுக்கு மேல் என்றால் போஸ்ட் ஆபீஸில் அவன் பேரிலேயே கணக்குத் தொடங்கி அவனே பணம் போட்டு எடுக்கலாம். பாதியை அதில் போடச் சொல்லுங்கள், மீதியை என்ன செய்தான் என்று கேட்காதீர்கள். அப்புறம், படிப்புக்குத் திரும்புகிற வழியை அடைத்துவிடாதீர்கள். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சிக்கே அரசு ஐடிஐ-யில் சில பிரிவுகள் உண்டு, 14 வயது முடிந்திருந்தால் போதும், மாத உதவித்தொகையும் வரும்.

மலையடிவாரத்து ஆட்கள் மறுபடி வந்து அக்காவின் மனதைக் கரைத்தால், இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு செய்த சான்றைக் கேளுங்கள். பெற்றவர்கள் எந்த நாளும் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். தோட்டத்தில் விளைந்ததை யார் விற்கிறார்கள், பையன்களுக்குக் கூலி உண்டா என்று கேளுங்கள். இந்த மூன்றில் ஒன்றுக்குப் பதில் இழுத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே யாராவது பையன் அங்கே சிக்கியிருப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போடுங்கள், பேர் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் ஊரிலேயே அந்த மாதிரி ஒரு பெரியவர் இருப்பார். தறி வைத்திருப்பவர் நீங்கள், நாலு பட்டறைக்காரர்களைத் தெரியாமல் இருக்காது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு கடைக்குப் போய்ப் பேசுங்கள். போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவனும் அவரிடம் ஏதாவது கேட்க வேண்டியிருக்கும்.